மழைக்கு வேண்டிய இண்டெக்ஸ்

செவ்வாய் இரவு. இன்னும் மழை.

தேயிலைக் கொழுந்து எடை மெதுவாகப் பதிவாகிறது என்று காலையில் டேட்டாபேஸைத் திறந்தேன். வீட்டு எண்ணை வைத்து ஆளைச் சட்டென்று தேட உதவும் அட்டவணையை, அதாவது இண்டெக்ஸை, ஒரு மாதமாக யாரும் தொடவில்லை. கொழுந்து பறிப்பவர்கள் எல்லோரும் அடையாள அட்டையைத்தான் காட்டுகிறார்கள். பதிவை இழுக்கும் வீண் சுமை என்று ‘டிராப் இண்டெக்ஸ்’ கொடுத்துத் தூக்கிவிட்டேன். அந்த மாதம் மழையே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டுக்குள் கிடக்கும் அட்டையை ஈரக்கையால் யார் எடுப்பார்கள்? எல்லோரும் வீட்டு எண்ணையே சொல்ல, ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் பல வருடப் பதிவுகளையும் புரட்டித் தேடியது. மூட்டைகளோடு வரிசை மழையில் நின்றது.

கொட்டகையில் எடை போடும் சரோஜா அக்கா போன் செய்தார். நான்தான் இண்டெக்ஸைத் தூக்கினேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“சரி, பதறாம திருப்பிப் போடும்மா. எல்லாரையும் கூரைக்குள்ள இழுத்துட்டேன்லா.”

இண்டெக்ஸை மறுபடி உருவாக்கியதும் தேடல் பழையபடி வேகமானது. நல்லவேளை, அந்தக் கொட்டகையில் அக்கா இருந்தார்.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன். நன்றி சொல்லத்தான். ஆனால் மழை விட்டுச்சா என்றுதான் கேட்டேன்.

“எங்க விட்டுச்சு? ஆனா எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. நீ சாப்டியா?”

அப்போதுதான் பசித்தது.