செவுத்தப் பாத்த டேபிள்

லோத்குண்டா,
ஞாயித்துக்கெழம மத்தியானம்

தாரிணிக் குட்டிக்கு அம்மா எழுதறது. நான் நல்லா இருக்கேன், நீயும் அந்த டப்ளின் குளிர்ல காத மூடிக்கிட்டு நல்லா இருப்பேன்னு நம்பறேன், மாதா உன்னப் பாத்துக்குவா. உங்கப்பா முக்காவாசி நல்லா இருக்காரு. மீதி காவாசியச் சொல்லத்தான் இந்த லெட்டர். போன்ல சொல்லலாமேன்னு கேப்ப. போன்ல பேசறப்பல்லாம் அவரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு, மெசேஜ் போட்டா நீ படிக்கறதுக்கு முன்னாடி என் போன எடுத்து அவரு படிச்சிருவாரு. அதான் பேப்பர்ல எழுதி, உன் ஃப்ரெண்டு அஸ்வினி லீவு முடிஞ்சு புதன்கெழம கெளம்பறால்ல, அவ கையில குடுத்துவிடற பருப்புப்பொடி பாக்கெட்டுக்குள்ள சொருகறேன். பொடியத் தட்டிட்டுப் படி.

மொதல்ல பொய்ய ஒத்துக்கறேன். மே மாசம் அப்பாவுக்கு முகவாதம் வந்துச்சுன்னு உனக்குத் தெரியும், மூணே வாரத்துல சரியாயிருச்சுன்னு சொன்னோம், முழுசா சரியாவல. டாக்டர் பெரும்பாலும் சரியாயிரும்னாரு, பெரும்பாலும் ஆச்சு. நர்சிங்க ரெண்டாவது வருஷத்துல பாதியில விட்டுட்டு இந்த மனுசனோட ஐதராபாத் வண்டி ஏறுனவ நான், பாதி நர்சுக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையும் பண்ணேன், கண்ணாடி முன்னாடி நிக்கவச்சு ஈன்னு பல்லக் காட்டச் சொன்னேன், பலூன் ஊதச் சொன்னேன், உன் பழைய பர்த்டே பலூன் பாக்கெட் ரெண்டும் காலி. கண்ணு இப்ப மூடுது, பேச்சு தெளிவா இருக்கு. இடது பக்கம் வாயோரம் மட்டும் எறங்கியே நிக்குது. தண்ணி குடிச்சா அந்த ஓரமா வழியும், சோறு கன்னத்துக்குள்ள தங்கிரும். வீடியோவுல அவரு எப்பப் பாத்தாலும் ஜன்னலப் பாத்துத் திரும்பி உக்காந்திருக்காரே, உனக்கு வலது பக்கம் மட்டும் தெரியணும்னுதான். ஜீடிமெட்லா கம்பெனிக்குக் குடுத்துவிடற டப்பா அப்படியே திரும்பி வரும். வீட்டுல தட்ட எடுத்துக்கிட்டுப் போயி சமையக்கட்டுல சிலிண்டர் பக்கத்துல செவுத்தப் பாத்து உக்காந்து தின்பாரு. எங்கிட்டயே மறைக்கறாருடி, என்னோட இருவத்தாறு வருசம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட மனுசன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீ போன்ல, டிசம்பர்ல ஆதர்ஷையும் கூட்டிட்டு வர்றேன், அவங்க அப்பா அம்மாவும் நாமளும் ஒரு ஹோட்டல்ல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுப் பேசணும்னு குதிச்சியே, அப்ப நான் அப்பாவுக்கு அன்னிக்கு ஷிஃப்ட் இருக்கலாம்னு இழுத்தேன்ல. ஷிஃப்டும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்படிச் சொல்லச் சொன்னது அவருதான். நீ போயிட்டு வா மேரி, பொண்ணுக்குச் சம்பந்தம் பேசற எடத்துல வாயில ஒழுகிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்க வேணாம்னாரு. எனக்கு வந்த கோவத்துல கரண்டிய சிங்க்குல எறிஞ்சேன், அது வேற ஒரு டம்ளர நசுக்கிருச்சு. அப்பதான் ஃப்ரிட்ஜப் பாத்தேன். நீ கெளம்பற அன்னிக்கு ஒட்டிட்டுப் போனியே ஒரு லிஸ்ட், ஞாயித்துக்கெழம அம்மா சமைக்கக்கூடாதுன்னு மேல எழுதி, கீழ பத்தொம்போது எடம், பக்கத்துல பக்கத்துல உன் வாய்க்கொழுப்பு வேற, இங்க பான்கேக்க ஊத்தப்பம்னு சொல்லாதம்மான்னு. வருசம் தாண்டியும் ஒண்ணுக்கும் நாங்க போவல. வர்ற ஞாயித்துக்கெழமலேருந்து நம்பர் ஒண்ணு, வரலேன்னா நான் திண்டுக்கல்லுக்கு வண்டி ஏறிருவேன்னேன். நான் சொன்னா ஏறுவேன்னு அவருக்குத் தெரியும்.

நம்பர் ஒண்ணு அந்த சைனிக்புரி பங்களா கஃபே. ஏழு மணிப் பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல ஸ்கூட்டர்ல உக்காந்திருந்தவரக் கெளப்பிக்கிட்டு நேரா போனோம், எட்டரை மணி, கேட்டு பூட்டிக்கெடக்கு. வாட்ச்மேன் பதினோரு மணிக்கு வாங்கன்னான். காலை டிபன் கடைய பதினோரு மணிக்கா தெறப்பீங்கன்னேன், பூசைக்காகச் சாப்பிடாம போன வயிறு எனக்கு. இது டிபன் இல்ல மேடம், ப்ரஞ்ச்னான். காலையில பட்டினி போட்டு மத்தியானம் ரொட்டி போடறதுக்குப் பேருதான் அதுன்னு உங்கப்பா சொன்னாரு, மே மாசத்துக்கப்பறம் அவரு அடிச்ச மொத நக்கல் அதுதான். வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா கும்பல்னா கும்பல், மாமரத்தடியில ஒரு டேபிள் கெடச்சுது, சுத்தி நாலு பக்கமும் ஆளு. இங்க ஒரு தப்பு பண்ணேன், அது என் தப்புதான். வெயிலா இருக்கேன்னு ரெண்டு கோல்ட் காபி சொன்னேன். ஸ்ட்ரா போட்டுக் குடுத்தாங்க. ஒதடு ஒட்டாதவருக்கு உறிஞ்ச வராதுன்னு பாதி நர்சுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கணும். வெள்ளச் சட்ட, காலர்லேருந்து பாக்கெட் வரைக்கும் காபி. பக்கத்து டேபிள் குட்டிப்பொண்ணு, மம்மி அந்த அங்கிள் பேபியான்னு கேட்டுச்சு, அவங்கம்மா உஷ்ஷுன்னது அதவிட சத்தமாக் கேட்டுச்சு. உங்கப்பா எந்திரிச்சுப் போயி ஸ்கூட்டர்ல உக்காந்துட்டாரு. நான் ரெண்டு பேரு ரொட்டியயும் தின்னுட்டுத்தான் போனேன், அழுதுக்கிட்டே தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு. இனிமே எனக்கு வேணும்னா பார்சல் வாங்கிட்டு வான்னு சொன்னாரு.

நான் எந்த வேலையிலயும் ஒரு வருசம் முழுசா நின்னவ இல்ல, பார்லரு, ஸ்கூல் பஸ்ஸு, டெய்லரிங்கு எல்லாம் உனக்கே தெரியும். இத மட்டும் விட மனசு வரல. அடுத்த ஞாயித்துக்கெழம அவர வீட்டுலயே விட்டுட்டு உன் லிஸ்ட்ட எடுத்துக்கிட்டு நான் மட்டும் ஸ்கூட்டர எடுத்தேன், சாப்பிடப் போவல, டேபிள் பாக்கப் போனேன். கார்கானாவுல, பச்சப்பயறு தோசைன்னு நீ எழுதியிருந்த அந்தப் பெசரட்டுக் கடையில கல்லாவுல இருந்தவன் பார்சலா மேடம்னான், இல்ல டேபிள் பாக்கணும்னேன், எத்தன பேருன்னான், இப்ப யாரும் இல்ல சும்மா பாத்துட்டுப் போறேன்னேன், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்களேன்னு சிரிக்கறான். அங்கதான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். டிபன் கடையெல்லாம் பத்தே முக்காலுக்குக் காலியாயிருது, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வர பன்னெண்டரை ஆவுது. நடுவுல ஈ ஓட்டறாங்க. ஊரெல்லாம் ப்ரஞ்சுன்னு வரிசையில நிக்கற நேரத்துல எங்களுக்கு ஒரு கடையே காலியாக் கெடைக்குது. அதோட கை கழுவற எடத்துக்குப் பக்கத்துல செவுத்தப் பாத்தாப்ல ஒரு டேபிள், எந்தக் கடையிலயும் அதுக்கு ஆளு வராது.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. மறுவாரம் பதினோரு மணிக்கு அந்தச் செவுத்து டேபிள்ல உங்கப்பா பாதிப் பெசரட்டு சாப்பிட்டாரு, நான் எதுக்க உக்காரல, பக்கத்துல செவுத்தப் பாத்தே உக்காந்தேன். அதுக்கடுத்து அல்வால்ல மலையாளி மெஸ்ஸுல புட்டு, அது உதிரி, ஆகாது, ஆனா அந்தச் சேட்டன் டம்ளர்ல பாதி மட்டும் தண்ணி ஊத்திக் குடுத்தாரு, நான் சொல்லவே இல்ல, எப்படித் தெரிஞ்சுதோ. ஏ.எஸ்.ராவ் நகர்ல ஒரு கடையில டேபிளுக்கு டேபிள் வந்து எல்லாம் ஓகேயா சார் எல்லாம் ஓகேயா சார்னு கேட்டே கொன்னுட்டாங்க, அத லிஸ்ட்டுலேருந்து அடிச்சிட்டேன். திருமுல்கேரி இரானி சாயாக் கடை இருக்கே, உன் நம்பர் ஏழு, அங்க எல்லாருமே ரோட்டப் பாத்துத்தான் உக்காந்திருக்கான், ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதில்ல. உஸ்மானியா பிஸ்கெட்ட சாயாவுல முக்குனா வாயில வச்சதும் கரையுது, நாலு தின்னாரு. இந்த ஊர்ல இத்தன வருசம் இருந்தும் எனக்கு ரேஷன் கடை, கோயில், உன் ஸ்கூல், அவரு கம்பெனி பஸ் ஸ்டாப், இதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுடி. ஒவ்வொரு தெருவுலயும் இப்படி ஒருத்தர் ஞாயித்துக்கெழம அடுப்பு பத்தவச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு நீ எழுதி ஒட்டலேன்னா தெரியாமலே போயிருக்கும்.

இன்னிக்கு நடந்ததுக்கு வர்றேன். திருமுல்கேரியில சாயாக் கடைக்குப் பின்னாடி சந்துல வண்டிய நிறுத்தப் போனோம், ஒரு வீட்டு கேட்டுல கிச்சடி, கீமா, கட்டா, ஞாயிறு மட்டும்னு அட்டையில எழுதித் தொங்குது. உன் லிஸ்ட்டுல இல்லாத எடம். போர்ட்டிகோவுல ஒரே ஒரு நீள மேசை, பன்னெண்டு நாற்காலி, வர்றவங்க காலியா இருக்கற நாற்காலியில உக்கார வேண்டியதுதான். ஓரமும் இல்ல, செவுரும் இல்ல. நாங்க போனப்ப நட்ட நடுவுல ரெண்டு நாற்காலி மட்டும் காலி. கட்டான்னா என்ன தெரியும்ல, புளியும் எள்ளும் கரைச்சது, ரசத்தவிடத் தண்ணியா இருக்கும், அத பருப்புக் கிச்சடி மேல ஊத்திக் கையால பெசஞ்சு சாப்பிடணும். இத்தன வாரமா அவரத் தள்ளிக்கிட்டுத் திரிஞ்சவ நான்தான், இங்க நான்தான் பயந்தேன். அந்த வீட்டம்மா ஃபாத்திமா, எல்லாரும் ஆபான்னு கூப்பிடறாங்க, அக்கான்னு அர்த்தம், அவங்ககிட்ட ரெண்டு பார்சல்னேன். பார்சல் நக்கோ, வேணாம், கட்டா வழியில கொட்டிரும், கைக்கு, எதுக்கு நிக்கறீங்க, உக்காருங்கன்னாங்க, இடுப்புல கைய வச்சுக்கிட்டு. பரவால்ல வேணாம், போலாம்னு நான் திரும்பறேன், உங்கப்பா செருப்பக் கழட்டிட்டுப் போயி நடு நாற்காலியில உக்காந்துட்டாரு. எனக்குப் பசிக்குது மேரி, நீ வர்றியா இல்லியாங்கறாரு.

உக்காந்ததும் ஆபா ஆளுக்கு ஒரு துண்டத் தோள்ல போட்டாங்க. எங்களுக்கு மட்டும் இல்ல, அங்க உக்காந்திருந்த அத்தன பேரு தோள்லயும் துண்டு கெடந்துச்சு. கட்டா ஊத்திச் சாப்பிட்டா மொழங்கை வரைக்கும் வழியுமாம், அந்த வீட்டு வழக்கம். எதுக்க ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரரு, மீசை பூரா கட்டா, தொடைக்கறாரு, திரும்ப ஆகுது, திரும்பத் தொடைக்கறாரு. உங்கப்பா மொத வாய் வச்சாரு. இடது ஓரமா வழிஞ்சு தாடையில எறங்குச்சு. துண்ட எடுத்தாரு, தொடச்சாரு, அடுத்த வாய். ஒருத்தரும் பாக்கல, பாத்திருந்தாலும் அவங்கவங்க மூஞ்சியும் அதே லட்சணம்தான். எனக்குக் கண்ணு தண்ணி விட்டுச்சு, புளிப்புன்னு வச்சுக்கோ. ஆபா சட்டிய எடுத்துக்கிட்டு வந்து இன்னும் ஊத்தவான்னு கேட்டாங்க. உங்கப்பா நிமிந்து, அவங்க மூஞ்சிய நேராப் பாத்து, ஹவ்னாரு, இந்த ஊர்க்காரங்க ஆமான்னு சொல்ற மாதிரி. இத்தன வருசம் இந்த ஊர்ல இருந்தும் அந்த மனுசன் வாயில அந்த வார்த்த வந்து நான் கேட்டதில்ல.

தாரிணி, உனக்கு நன்றி சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல, சொன்னா உனக்கே சிரிப்பு வரும். இருந்தாலும் சொல்றேன். அந்தச் சந்துல போயி வண்டிய நிறுத்துனது உன் நம்பர் ஏழால. ஆபாவுக்கும், தண்ணிய பாதி ஊத்துன அந்தச் சேட்டனுக்கும், பொண்ணு பாக்க வந்த மாதிரின்னு சிரிச்சவனுக்கும் சேத்து அடுத்த பூசையில மெழுகுவத்தி ஏத்தறேன்.

இப்ப ரெண்டு புத்தி சொல்லிக்கறேன், மொறைக்காத. டிசம்பர்ல நீ வந்ததும் அவரு இடது பக்கத்தப் பாத்துட்டு டக்குனு வேற பக்கம் திரும்பாத, அது உஷ்ஷுங்கற மாதிரிதான். அழுவாத. டிஷ்யூ எடுத்து அவரு கையில திணிக்காத, அவரே தொடச்சுக்குவாரு. ஸ்ட்ரா வாங்காத. ஆதர்ஷ்கிட்ட முன்கூட்டியே சொல்லிரு, அவங்க அப்பா அம்மாகிட்டயும் சொல்லச் சொல்லு, பாவம் பாக்கற மூஞ்சியோட வந்தாங்கன்னா நான் வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். அவங்க கறி சாப்பிடுவாங்களான்னும் கேட்டுச் சொல்லு, இல்லேன்னா கீமாவ விட்டுட்டுக் கிச்சடியும் கட்டாவும் அப்பளமும் போதும். ஏன் கேக்கறேன்னா, ஸ்ட்ரா வாங்காதன்னு எழுதிட்டு மோர் எடுக்கலாம்னு எந்திரிச்சேன். உங்கப்பா உள்ள தூங்கறாரு, வாயத் தெறந்துக்கிட்டு, எனக்கு அது அழகாத்தான் இருக்கு. ஃப்ரிட்ஜுல உன் லிஸ்ட்டுக்குக் கீழ பேனாவுல புதுசா ஒரு வரி இருக்கு, அவரு கையெழுத்து, கம்பெனி ரெஜிஸ்டர்ல எழுதற அதே கட்டக் கட்ட எழுத்து. இருவது, ஃபாத்திமா ஆபா வீடு, துண்டு குடுப்பாங்க, டிசம்பர் ரெண்டாவது ஞாயிறு, ஆறு பேர், சொல்லியாச்சு, நடு நாற்காலி. நான் கை கழுவப் போன நேரத்துல கேட்டு வச்சிருக்காரு போல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீயும் தெரிஞ்சதாக் காட்டிக்காத, அவரா சொல்லட்டும்.

ஆண்டவர் உன்னையும் அந்தப் பையனையும் நல்லபடியா கொண்டாந்து சேக்கட்டும். பொடிய ஃப்ரிட்ஜுல வைக்காத, கட்டி தட்டிரும். காது தொப்பிய மறக்காமப் போட்டுக்க.

உன் அம்மா,
லூர்துமேரி ஜகதீசன்