மூன்று காலில் நின்ற கொக்கு

பிப். 9, திங்கள்

மரக்காணம் வட்டார மக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு வாசல்வாசி, பழைய வெள்ளைக் கார், திருவாளர் கொக்கு இன்று காலை நீலப் புகை கக்கிச் செயலிழந்தார். இறுதி ஊர்வலம் குட்டி யானை வண்டி கிடைத்ததும். மாலைகள் தவிர்க்கவும். ஆயில் டின்னாகத் தரலாம்.

பனி. வெகுநேரம் செல்ஃப் அடித்துப் பார்த்தோம். கிர், கிர். அவ்வளவுதான். அண்ணன் (இனி அ.) ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

இந்தக் காரில்தான் அவன் டிராக் ரேஸ் ஓடுவது. நேர் ரோடு, ரெண்டு கார், முன்னால் போனவன் ஜெயித்தான். வளைவே கிடையாது, அ. புத்தி மாதிரி. இதுவரை ஒரு கோப்பை. அதில் இப்போது அம்மாவின் சீப்பு.

அ. தலையைத் தூக்காமலே சொன்னான்: "இதச் சரி பண்ணி வித்து, அந்தக் காசுல துபாய் கெளம்புறேன்டா. மெக்கானிக் பாயோட மச்சான் அங்க ஷெட் வெச்சிருக்காரு, வேல இருக்குதாம்."

"கொக்கு இல்லாத ஊர்ல நீ என்னண்ணே பண்ணுவ?" என்றேன்.

அ. சிரிக்கவில்லை. உள்ளே அம்மா உப்பள வேலைக்குக் கிளம்ப, காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாதத்தில் புண், ஆறவே இல்லை. உப்புத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம். பை கட்டினால் இறங்கினதாகக் கணக்கில்லையாம்.

பிப். 10, செவ்வாய்

ஸ்கூலுக்கு லீவ் (வயிற்றுவலி, இடது பக்கம்). குட்டி யானை முன்னால், கயிறு, பின்னால் கொக்கு. ஸ்டீயரிங்கில் நான். கீழ்புத்துப்பட்டில் ஒரு பெரியவர் கேட்டார், "ஏம்பா, ரேஸ் காருன்னு எழுதிருக்கு, கட்டி இழுத்துட்டுப் போறீங்க?" "ரொம்ப வேகங்க, அதான் கட்டி வெச்சிருக்கோம்" என்றேன். அ. கூடச் சிரித்தான். கடைசியாக அவன் சிரித்தது எப்போது, ஞாபகமில்லை.

கோட்டக்குப்பம், பாய் ஷெட். நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் அழுத்தம் பார்க்கும் கேஜை வைத்து இஞ்சினைச் சுற்றினோம். கேஜ் பிடித்தது தலைமை மருத்துவராகிய நான். நாலிலும் முள் ஏறவில்லை, மூன்றாவதில் படுமோசம். பிறகு பாய் அதே ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுற்றச் சொன்னார். முள் குதித்தது.

"கோளாறு வால்வுல இல்லப்பா. பிஸ்டன் ரிங்கு போச்சு. ஆயில் போய் சந்த அடைக்குது, அதான் ஏறுது." கார்புரேட்டரைப் பார்த்தார். "ஏர் ஃபில்டர் எங்க?"

அ.: "கழட்டிட்டேன் பாய். காத்து நல்லா இழுக்கும்னு."

"எங்க ஓட்டிப் பழகுன?"

"உப்பளத்து ரோட்டுல. லாரி போற வழி, நேரா இருக்கும்."

"அப்ப காத்த மட்டுமா இழுத்துச்சு? உப்பு, மண்ணு, எல்லாத்தையும்ல வாரிக்கிச்சு. சோத்துல போடுறத இஞ்சின்ல போட்டிருக்கியே."

வேகத்துக்காகக் கழற்றினது.

பிப். 15, ஞாயிறு

இஞ்சின் திறப்பு விழா. சிலிண்டர் சுவரெல்லாம் நெடுக்குக் கோடுகள். நகம் மாட்டுகிறது. லேத்தில் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட வேண்டும். புதுச்சேரி ஆள் ஒருவர் வாங்கத் தயார், ஒரே நிபந்தனை: ஓட வேண்டும்.

ஷெட் வாசலில் அட்டை மாட்டினேன்: "ஐசியூ. செருப்பைக் கழற்றவும்." ஒருவர் கழற்றியே விட்டார். பாய் என் காதைத் திருகினார், எதிர்த் திசையில் திருகினால் கழன்றுவிடும் என்றேன்.

வீட்டில் அம்மா பையைக் கழற்றினாள். உள்ளே தண்ணீர். வாடை. நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

பிப். 22, ஞாயிறு

ரிங் மாட்டியது நான். நானே. நாலு பிஸ்டனுக்கும். ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு வாய் உண்டு, வெட்டின இடம். பிஸ்டனுக்கு மூன்று ரிங். வாய்கள் ஒரே பக்கம் இருக்கக் கூடாது. "மூணு வாயும் ஒரே பக்கம் தொறந்தா ரகசியம் தங்குமா? எல்லாம் ஒழுகிரும்" என்றார் பாய். ஒன்றுகூட உடைக்கவில்லை. தமிழ்நாடு அரசு கவனிக்கவும்.

பிப். 26, வியாழன்

முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்! புகை இல்லை. அ. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், கோயிலில் நிற்கிற மாதிரி.

புது ரிங் பழகும்வரை விரட்டக் கூடாதாம். மரக்காணம் வரை உருட்டிக்கொண்டு வந்தோம். பொம்மையார்பாளையத்தில் ஒரு மாட்டு வண்டி ஹாரன் இல்லாமலே எங்களை முந்தப் பார்த்தது.

ஞாயிறு வாங்குகிறவர் வருகிறார். அ. விசா பேப்பரை ஜெராக்ஸ் எடுத்துவிட்டான்.

என் திட்டம், உலகக் குறும்பு வரலாற்றின் உச்சம்: மூன்றாவது பிளக் வயரை லேசாக உருவி, மாட்டின மாதிரியே மேலே வைப்பது. கொக்கு மூன்று காலில் நொண்டும். ஆள் ஓடிவிடுவார். துபாய் கேன்சல். அ. இங்கேயே. செய்தே காட்டுவேன்.

மார்ச் 1, ஞாயிறு

வெயில். வந்தார். அவர் டீ குடிக்கும்போது வயரை உருவினேன்.

சாவி திருகினார். டப டப டப. பானெட்டே ஆடியது.

"என்னங்க, எல்லாம் புதுசுன்னீங்க? இஞ்சின யாரு கோத்தது?"

அ. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்னான்: "ரிங்கு என் தம்பி போட்டான். அது தப்பா இருக்காதுங்க. வேற என்னவோ."

அம்மா வாசற்படியில் நின்றாள். ஞாயிறும் வேலை. காலில் பை, ரப்பர் பேண்டு போட்டு.

கொக்கு போய்விட்டது. வாசலில் ஒரு ஆயில் கறை. அ. அடுத்த மாதம் துபாய்.

சரி, என் குறும்பின் உச்சம் பற்றி. அரை நிமிடம்கூட நிற்கவில்லை. "வயர் லூசுண்ணே" என்று சொல்லி நானே போய் மாட்டிவிட்டேன். அந்த ஆள் என் முதுகைத் தட்டி, "கையில வித்த இருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.