பாறைமேல் ஒரு வெள்ளை

மார்ச் 3

வாலுவுக்கு,

நான் எது சொன்னாலும் ஒருவர் 'ஆமாம்' என்றால், அது சம்மதமா, சுபாவமா? வேதியியல் கற்பித்தே பாதி ஆயுள் போய்விட்டது. இதற்கு என்னிடம் விடை இல்லை.

பல் டாக்டரைப் பற்றித்தான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். கீழே கிளினிக், மாடியில் வீடு. மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகின்றன, குழந்தைகள் இல்லை. நல்ல மனிதர். மழை வரும் என்றேன், "ஆமாங்க" என்றார். வராது போலிருக்கிறது என்றேன், அதற்கும் "ஆமாங்க." வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களோடு நாள் முழுதும் பேசுகிறவர். இரண்டு பக்கப் பேச்சையும் தானே முடித்துவைத்துப் பழகிவிட்டாரோ என்னவோ.

அடுத்த வாரம் பறவை பார்க்கிற ஒரு கூட்டத்தோடு இருவரும் கடலோரம் போகிறோம். தனித்தனி அறைதான், நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். திரும்புவதற்குள் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உன் சின்னவனுக்கு இருமல் தேவலையா?

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

அவன் இருமல் போய்விட்டது. உன் கடிதம் வந்து என் தூக்கமும் போய்விட்டது.

உனக்கு ஏற்கெனவே ஓர் ஆமாம்சாமி வாய்த்தது போதாதா? பதினொரு வருடம் தலையாட்டிவிட்டு, விவாகரத்து நோட்டீஸில்தானே அந்த மனுஷர் முதல்முறையாக மனம் திறந்தார்! சாப்பாட்டு மேஜைகூடத் தனக்குப் பிடிக்கவில்லையாம். அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். நீ அழக்கூட இல்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதனால் கேட்கிறேன். மே மாதம் லீவில் வருகிறேன். சொத்தைப் பல் என்று சொல்லிக்கொண்டு போய் ஆளை எடைபோட்டுவிடுகிறேன். அதுவரை பதில் சொல்லாதே. முதல்முறை என்னைக் கேட்காமல் செய்தாய். இப்போதாவது பொறு. இன்னொரு முறை உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அதுசரி, இன்னுமா "டாக்டர்", "புரொபசர்" என்று கூப்பிட்டுக்கொள்கிறீர்கள்? பார்க்கிறவர்கள் ஏதோ மீட்டிங் நடக்கிறது என்று நினைக்கப் போகிறார்கள்.

உன் வாலு


மார்ச் 12, விடுதி அறை

வாலுவுக்கு,

கிளம்புகிற நாளில்தான் உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்வது நியாயம், பொறுத்திருக்கலாம் என்றுதான் வண்டி ஏறினேன்.

இன்று காலை கடல் உள்வாங்கிய நேரத்தில் எங்களைக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கெட்டியவரை சேறும் மணலும். உள்ளான்கள் ஊசி அலகால் சேற்றைத் தைத்துக்கொண்டே ஓடின. ஆலாக்கள் தலைகீழாகக் கடலில் விழுந்து மீனோடு எழுந்தன. பாதிக்குமேல் வெறும் வாயோடுதான் எழுந்தன, படங்களில் அதைக் காட்டுவதில்லை. டாக்டர் ஒரு நண்டு வளையருகே குந்தி உட்கார்ந்து, "வாயை நல்லாத் திறங்க" என்றார். சிரித்துவிட்டேன்.

பிறகுதான் அது நடந்தது. தூரத்துப் பாறைமேல் வெள்ளையாக ஒன்று. "கொக்கு" என்றேன்.

டாக்டர் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். "இல்லைங்க. பிளாஸ்டிக் பை."

"கழுத்து தெரியுது, டாக்டர்."

"அது பையோட காதுங்க."

"நான் கொக்கே பார்த்ததில்லைன்னு நினைச்சீங்களா?"

"நிறைய பார்த்திருப்பீங்க, புரொபசர். இது பை."

கூட்டம் இரண்டு கட்சியானது. பின்னாலிருந்து ஓர் அம்மாள், "வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்துடுங்கம்மா, பசிக்குது" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் என்றதைத் திருத்தவும் இல்லை. கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்தக் கோபம் பிடித்திருந்தது.

பார்த்துவிடுவது என்று இருவரும் வழுக்குக் கற்களில் நடந்தோம். பாதி வழியில் அந்த வெள்ளை கழுத்தை நிமிர்த்தியது, சிறகை விரித்தது, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு பறந்துபோனது.

"கொக்குதாங்க. நான்தான் தப்பு" என்றார். சும்மா சீண்டினேன் என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. நாலடி வந்து, "ஆனா அங்கேருந்து பார்த்தா பை மாதிரிதாங்க இருந்துச்சு" என்றார்.

நான் ஜெயித்ததற்காகச் சந்தோஷப்படவில்லை, வாலு. அது பையாகவே இருந்திருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்ன மனிதர், அதே முகத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மழைக்கும் வெயிலுக்கும் தலையாட்டுவது அவருடைய மரியாதை, அவ்வளவுதான். பொருட்டாக நினைக்கிற விஷயத்தில் தலை ஆடாது.


மார்ச் 13, மாலை

இதை இன்னும் தபாலில் போடவில்லை, அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் தேநீர் வந்ததும் நானே சொன்னேன், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று. உன்னைக் கேட்கவில்லை. ஏப்ரல் கடைசி வெள்ளி, பதிவு அலுவலகத்தில். நீ மே மாதம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கோபப்படு, ஆனால் வா.

அப்புறம் எந்த வீட்டில் இருப்பது என்று ஆரம்பித்தது. கிளினிக்கை விட்டு அவர் வர மாட்டாராம். அந்தக் குறுகின மாடிப்படியில் என் அலமாரிகள் ஏறாது. பேசிப் பேசி, கூட்டத்தோடு போகவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டோம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலும் தீரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஒரே ஒரு ஜன்னலோரம்தான் காலியாக இருந்தது. எனக்கு வேண்டும் என்றேன். வீடு வந்து சேரும்வரை அதில் அவர்தான் உட்கார்ந்து வந்தார்.

அக்கா