குல்லாவுக்குள் ஒரு மெஷின்

ஏனுங்க,

முடி சுருட்டுற மெஷின் என் தலையைக் கவ்வினதும் கரன்ட் போயிருச்சு. திரும்ப கரன்ட் வந்தாத்தான் முடியை விடுமாம். இன்னைக்குக் கரன்ட் ஷட்டவுன்னு லைன்மேனா இருக்கற உங்களுக்குத் தெரியாதா? மூணு நாளா என்கூடப் பேசறதில்லைன்னா, அதைக்கூடவா சொல்லக் கூடாது?

பக்கத்து வீட்டு கெஸியா கல்யாணத்துக்கு நேரமாச்சு. மெஷினுக்கு மேலயே உங்க குரங்குக் குல்லாவைப் போட்டுட்டுக் கிளம்பறேன். வயரு ஹேண்ட்பேக்ல இருக்குது. சர்ச்சுல ஜெனரேட்டர் ஓடினா, பாட்டுப் பாடற கோயர் மைக்கைக் கழட்டிட்டு என்னை மாட்டச் சொல்றேன்.

பீன்ஸ் பொரியல் மூடி வெச்சிருக்கேன், சாப்பிட்டுட்டு வாங்க. உங்க சட்டைக்கு இஸ்திரி போட முடியலை. அதுவும் உங்க புண்ணியந்தான்.

யூனிஸ்

இன்னொண்ணு: குல்லாவுல வலது பக்கம் கொம்பு மாதிரி நீட்டிட்டு நிக்குது. போட்டோ எடுக்கறப்ப அந்தப் பக்கமா வந்து நின்னு மறைச்சுக்கங்க. பேசணும்னுகூட இல்லைங்க.