வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

மார்ச் 7, 2025. வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. வயிறு எரிகிறது, இன்றைக்கு ஒருசந்தி நோன்பு வேண்டாமே என்றார் விக்டர். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், தவக்காலம் வந்தால் இவருக்கு ஏதாவது ஒரு சாக்கு வந்துவிடும். “ஈஸ்டர் பிரியாணிக்கு மட்டும் வயிறு நல்லா இருக்கும், இல்ல?” என்றேன். சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். முழங்கால் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, மேலே எரிச்சலுக்கு இரண்டு மூடி பிங்க் மருந்து. இரவு கஞ்சி வரை தண்ணீர்தான்.

மார்ச் 14

மறுபடி எரிச்சல். பிங்க் மருந்து கொடுத்தேன், கால் மணியில் அடங்கிவிட்டது. அப்புறமென்ன?

மார்ச் 20

இரண்டு நாளாகக் கறுப்பாகப் போகிறதாம். கீரை சாப்பிட்டதால் இருக்கும் என்றேன். நாளைக்கும் ஒருசந்தி.

மார்ச் 22

நேற்று மாலை கோயிலில் சிலுவைப்பாதை. ஒன்பதாம் தலத்தில் முழந்தாளிட்ட விக்டர் எழவே இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

கறுப்பாகப் போனது ரத்தம். குடலின் ஆரம்பத்தில் புண். ஆஸ்பத்திரியில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். கீரை என்றேனே. கீரை.

மார்ச் 24

டாக்டர் அனன்யா பொறுமையாகச் சொன்னார். மூட்டு வலி மாத்திரை வயிற்றின் பாதுகாப்பைக் குறைத்துவிடுமாம். கூடவே ஒரு கிருமியும் இருந்திருக்கிறது. பிங்க் மருந்து ஏற்கெனவே சுரந்த அமிலத்தைத்தான் கொஞ்ச நேரம் தணிக்கும். இப்போது கொடுப்பது அமிலம் சுரப்பதையே குறைக்கும் மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். அப்போதுதான் புண் ஆற இடம் கிடைக்கும். கிருமிக்குத் தனியாக ஆன்டிபயாடிக், பதினான்கு நாள், ஒரு வேளைகூட விடக் கூடாது.

“எரிச்சல் அடங்கினா புண் ஆறிடுச்சுன்னு நினைச்சிட்டீங்கம்மா.”

ஆமாம், நினைத்தேன்.

மார்ச் 28. வெள்ளி

பங்குச்சாமியார் பார்க்க வந்தார். “உடம்பு சரியில்லாதவங்களுக்கு ஒருசந்தி கிடையாதுன்னு சொல்லித் தர்றதே நீங்கதானே டீச்சர்?” என்றார். குத்திக்காட்டவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

இருபது வருஷமாக மறைக்கல்வி வகுப்பில் போர்டில் எழுதிப் போடுகிறேன். ஊர்ப் பிள்ளைங்களுக்குச் சொன்னதை இவர்கிட்ட ஏன் சொல்லல? அவர் வலிக்குதுன்னுதானே சொன்னார். ஏன்டி டெல்பின், உனக்கு என்ன அவ்வளவு திமிரு?

ஏப்ரல் 8

கிருமி மாத்திரை இன்றோடு முடிந்தது. வாயெல்லாம் கசப்பு என்று முகம் சுளித்தார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அலாரம் வைத்து நானே எடுத்துக் கொடுத்தேன். அதனால் என்ன?

ஜூன் 12

அமில மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துப் பார்த்த டெஸ்டில் கிருமி இல்லை. சந்தோஷத்தில் பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கினேன். மீன்காரி சுந்தரவல்லி கேட்டாள்: “சாருக்கு முட்டி ரொம்ப நோவுதாமே டீச்சர்? ஒரு வாரமா சொல்லிக்கினு கீறாரு.”

எனக்குத் தெரியாது என்றேன்.

“உங்களாண்ட சொன்னா சாக்குன்னு சொல்வீங்களாம். சிரிச்சிக்கினே சொன்னாரு.”

வீட்டுக்கு வந்து, முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். “சேச்சே, ஒண்ணுமில்லயே” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்டேன். என்ன மீன் வாங்கினாய் என்றார்.