குமிழில் அஞ்சு, உள்ளே ரெண்டு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதறது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவை எடுக்கறேன். நாங்க எப்படி இருக்கோம்னா அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியலை, போன்ல சொன்னா உங்கப்பா காதுல விழும், அதான் எழுதறேன். அவர் உள்ளே தூங்கறார். நான் சமையலறை மேஜையில உட்கார்ந்திருக்கேன், உட்கார்ந்திருக்கேன்னு பேருதான், இதுக்குள்ள மூணு தடவை எழுந்து போய் எட்டிப் பார்த்துட்டு வந்தாச்சு. குழாய் ஒழுகினதைச் சரி பண்ணியாச்சு. மாடி வீட்டுக்காரம்மா முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு என்னைவிட வேகமா நடக்கறாங்க. உன் பழைய கம்பளிச் சட்டையைப் பூச்சி அரிச்சிடுச்சு, திட்டாதே. இதெல்லாம் எழுத வந்த விஷயம் இல்லை, சுத்தி வளைக்கறேன். போன வாரம் அப்பா உன்கிட்ட, டிக்கெட் எடுக்காதே, என்னால அவ்வளவு தூரம் வர முடியாதுன்னு சொன்னாரே, பேத்தியை இன்னும் கையில வாங்காத மனுஷன். அதுக்குக் காரணம் அவரோட பார்க்கின்சன் நடுக்க நோய் இல்லை, நான்தான்.

நீ அனுப்பின, நின்ன இடத்துலயே மிதிக்கற சைக்கிள் மெஷின் விஷயம். சும்மா தெருவுல ஆடி அசைஞ்சு நடந்தா போதாது, மூச்சு வாங்க மிதிக்கணும், ரெண்டு வார்த்தை பேசினா மூணாவதுக்குக் காத்து பத்தக் கூடாது, கைக்கடிகாரத்துல நாடி நூத்தி இருபதைத் தொடணும்னு பிசியோ பொண்ணு சொன்னா. நெஞ்சு டாக்டரும் சோதிச்சுட்டு தாராளமா செய்யலாம்னார். அவரும் குமிழைத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமா பெடலோட இறுக்கத்தைக் கூட்டி அஞ்சுக்குக் கொண்டு வந்துட்டார். ஆனா அவர் முகம் சிவந்து, சட்டை முதுகோட ஒட்டி, அந்த இரைப்பு இரைக்கறதைக் கேட்டா அடுப்புல வச்சதை மறந்துடுவேன். போதும் இறங்குங்கன்னா காதுலயே போட்டுக்க மாட்டார். சளி பிடிச்சு அவர் ஒரு வாரம் படுத்திருந்தப்ப, குமிழ் மேல நம்பர் போட்ட மூடியைக் கழட்டி, இறுக்கம் ரெண்டுல இருக்கறப்பவே அஞ்சு காட்டற மாதிரி திருப்பி மாட்டிட்டேன். இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். முப்பத்தோரு வருஷம் கடை கடையாப் போய்த் தராசு சோதிச்ச ஆளு, எந்தக் கடைக்காரன் எப்படி முள்ளைத் திருப்பி வச்சிருந்தான்னு சாப்பிடறப்ப சிரிச்சுச் சிரிச்சுச் சொல்வாரே. அத்தனை கடைக்காரங்களாலயும் அவர் கண்ணுல மண்ணைத் தூவ முடியலை, நான் தூவிட்டேன்.

மறுபடி ஏறின அன்னிக்கு, லேசா இருக்கே, கால் தேறிடுச்சுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா. இரைப்புச் சத்தம் இல்லைன்னு எனக்கும் நிம்மதி. நாடி ஏறலைன்னு கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், நான் கண்டுக்காத மாதிரி போயிடுவேன். மூணு மாசம் ஓடிப் போச்சு. போன வாரம் பிசியோகிட்ட சோதனை. அரை நிமிஷத்துல நாற்காலியிலிருந்து பதினொரு தடவை எழுந்தவர் எட்டோட நின்னுட்டார், நடையிலயும் காலைத் தேய்க்கறார். அஞ்சுல மிதிச்சுமா இப்படி, நோய் வேகமா முத்துதோ, அடுத்த வியாழக்கிழமை டாக்டர்கிட்ட மாத்திரையைக் கூட்டணுமான்னு கேளுங்கன்னு அந்தப் பொண்ணு நெத்தியைச் சுருக்கினா. நான் கைப்பையை எடுத்துக்கிட்டு ஆட்டோ கூப்பிடப் போயிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் துணி போட்டு மூடினார். இதை ஒதுக்கிட வேண்டியதுதான்னு, பழுதான தராசைச் சொல்ற மாதிரி தன் தொடையைத் தட்டிச் சொன்னார். அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணார். உனக்கு எழுதிட்டேன், அவர்கிட்ட சொல்லத்தான் வாய் வரலை. இரும்மா, எழுந்துட்டார் போல, இருமறார். இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன், இல்லைன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடுவேன்.

சொல்லிட்டேன். முதல்ல அவர் சைக்கிள் மேல இருந்த துணியை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், மூடியைக் கழட்டிச் சரியா மாட்டினார். நடுங்கற கையால அதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு, உதவப் போனா தட்டி விட்டார். அப்புறம் திட்டினார் பாரு. ஒரு வருஷமா அவர் பேசினா கிட்டப் போய்க் காதைக் கொடுக்கணும், உனக்கும் போன்ல பாதி கேட்காது. இன்னிக்கு அவர் சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரம்மா என்ன ஆச்சுன்னு இறங்கி வந்துட்டாங்க. நான் மூச்சு வாங்கியே போயிடுவேன்னு பயந்து என்னை உட்கார வச்சே அனுப்பப் பார்த்தியான்னு கேட்டார். அழுதேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே தண்ணி கொண்டு வந்தார், பாதி டம்ளர் தரையில.

பிசியோவுக்கும் போன் பண்ணி ஒப்புக்கிட்டேன், எடுத்ததும் அஞ்சு வேண்டாம், மூணுல ஆரம்பிங்கன்னா. இப்ப பக்கத்து அறையில மிதிக்கறார், நிஜமான மூணு. குமிழ் மேல காகிதம் ஒட்டி, சோதிக்கப்பட்டதுன்னு எறும்பு மாதிரி எழுத்துல எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டிருக்கார், கிழிஞ்சா தெரிஞ்சுடுமாம். இரைக்குது. எழுந்து ஓடணும் போல இருக்கு, மேஜைக் காலைக் காலால பின்னிக்கிட்டு எழுதறேன். இந்த நிமிஷம் நூத்தி இருபதுன்னு கத்தினார், அதுக்கு மேல பேச மூச்சு இல்லை.

நீ டிக்கெட் எடு. அவருக்கு மட்டும் எடுத்தா போதுமாம், குமிழைத் திருப்பறவ வீட்டைப் பார்த்துக்கட்டுமாம். நீ ரெண்டா எடு. வர முடியுமா முடியாதான்னு அவர் கால் சொல்லட்டும், நான் இனிமே நடுவுல வர மாட்டேன். மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருங்க. குழந்தைக்குக் காலைத் தேய்ச்சு விடு, மறக்காதே.

இன்னும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா