மினிக் குதிரைக்கு அளவான வார்

இக்காஸ்ட், டென்மார்க்
06.03.2026

மேனுஜாவின் அப்பாவுக்கு,

போனில் கதைத்தால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதி, வார இறுதிக்கு உங்களிடம் வரும் மகளின் பையில் வைத்து விடுகிறேன்.

உங்களுடைய மினிக் குதிரை பெல்லவை வண்டியில் பூட்டிய படத்தைக் காட்டினாள். பின்பக்க வார் தொய்ந்து தொங்குகிறது. சரிவில் இறங்கும்போது வண்டியைத் தடுத்துப் பிடிப்பது அந்த வார்தானே? முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கச் சக்கர நாற்காலிகளுக்குப் பெல்ட் பூட்டுகிற எனக்கு இது தெரியும். முன்பும் பனிக்கால டயரை நாளைக்கு மாற்றுவோம் என்றீர்கள். பிள்ளையோடு கார் வாய்க்காலுக்குள் போனது. இன்னொரு தரம் தாங்க மாட்டேன். சரியான வார் போடாமல் அவளை ஏற்றினால் இனி அனுப்ப மாட்டேன்.

அபிதா

கிரின்ஸ்டெட்
08.03.2026

அன்பின் அபிதாவுக்கு,

நீர் சொன்னது சரி. கடையில் மினி அளவு இருந்தது. நான்தான் அதைவிடப் பெரிய பொனிக் குதிரை அளவை வாங்கினேன். சப்பாத்தோ சட்டையோ, எங்கள் வீட்டில் என்றைக்கு அளவாக வாங்கினோம்? வளர்ந்தாலும் போடலாம் என்ற பழக்கம்தான். ஏழு வயதுக் குதிரை இனி எங்கே வளரப்போகிறது.

இன்று காலை மேனுஜாவை வீட்டில் விட்டுவிட்டு, மண்மூட்டையை ஏற்றிச் சரிவில் இறக்கினேன். வண்டி உருண்டுவந்து பெல்லவின் பின்னங்காலில் இடித்தது. அது உதைத்துக்கொண்டு ஓடியதில் வண்டித் தடி முறிந்தது. பெல்லவுக்குச் சிராய்ப்புத்தான். மூட்டை விழுந்து கிடந்த இடத்தில்தான் பிள்ளை விழுந்திருப்பாள்.

பிரதீபன்

இக்காஸ்ட்
20.03.2026

மேனுஜாவின் அப்பாவுக்கு,

நடந்ததை நீங்களாகவே சொன்னது இதுதான் முதல் தரம். என் தையல் நாடாவைப் பையில் வைத்திருக்கிறேன். பெல்லவின் நெஞ்சு, வயிறு, பின்பக்கம் மூன்றையும் அளந்து கடையில் கொடுங்கள். கண்மட்டம் வேண்டாம்.

அபிதா

கிரின்ஸ்டெட்
19.04.2026

அன்பின் அபிதாவுக்கு,

அளந்துதான் வாங்கினேன். வாருக்குள் இரண்டு விரல் போகும், கை போகாது. தடியும் புதிது. மேனுஜாவின் நிறைக்கு மூட்டை கட்டி மூன்று ஞாயிறு இறக்கிப் பார்த்தேன், வண்டி முட்டவில்லை. ஹெல்மெட்டும் அவளின் தலைக்கு அளவாகவே வாங்கினேன், அடுத்த வருஷத்துக்கு இல்லை. ஆனாலும் அவளை இன்னும் ஏற்றவில்லை. நீரே வந்து இழுத்துப் பாரும். வேண்டாம் என்றால் வண்டியை விற்றுவிடுகிறேன்.

பிரதீபன்

இக்காஸ்ட்
15.05.2026

அன்புள்ள பிரதீபனுக்கு,

நான் வந்த அன்று வாரை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அவளை ஏற்றிவிட்டு நீங்கள் சரிவு முடியும்வரை பெல்லவின் தலைப்பக்கமாகவே நடந்ததையும் பார்த்தேன். ஓம், இனி அவள் ஏறலாம். எனக்கு அந்தப் பயம் போய்விட்டது.

நீங்கள் தேத்தண்ணி போடப் போனபோது அலுமாரியில் இன்னொரு ஹெல்மெட்டைக் கண்டேன். போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அளவாக நீங்கள் வாங்கியது அது ஒன்றுதான். அழுகை வந்தது. ஆனால் நான் களைத்துப்போனேன், பிரதீபன். உங்களோடு வாழத் திரும்பி வரமாட்டேன். விலைச்சீட்டு அதிலேயே இருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தையல் நாடா உங்களிடமே இருக்கட்டும். மேனுஜா வளருகிற பிள்ளை.

அபிதா